பென்குயினுக்கு வீடு கட்டப்போற மாப்பிள்ளைக்கு

மாப்ளே, வாத்தியாருமாருக்கான பயிற்சிக்குப் போயிட்டு வந்ததுல இருந்து நீரு பென்குயின் பென்குயின்னு சொல்லிக்கிட்டே திரியுதீரு. 'உங்க அக்கா மவனுக்கு என்னமோ ஆயிட்டு, மொளகா சுத்திப்போடணும்'னு ஒம்ம அத்தை ஒத்தைக்கால்ல நிக்கா. நான்தான் சமாதானம் சொல்லி வச்சிருக்கேன். 'அது பேயி பிசாசு இல்லட்டி, புதுப் பாடம்'னேன். ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு கேக்கா. அதுக்கு எங்கிட்ட பதில் இல்ல.

நீரு சொன்னதை எனக்கு வெளங்குன மட்டுக்கும் திருப்பிச் சொல்லுதேன், சரிதானான்னு பாரும். அமெரிக்காவுல கிறிஸ்டின் ஷ்னிட்கான்னு ஒரு ஆராய்ச்சிக்கார அம்மா நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்குன்னு ஒரு பாடம் போட்டிருக்காவ. தண்ணியைப் பென்குயின் உருவத்துல உறைய வச்சு, 'இதுக்கு ஒரு வீடு கட்டு'ன்னு பிள்ளை கையில குடுத்துருவாவ. கட்டுன வீட்டை வெளக்குச் சூட்டுல வைக்கது. நேரம் முடிஞ்சதும் உள்ள மிச்சம் இருக்க ஐஸை எடை போடுது. எவன் பென்குயின் கனமா நிக்கோ அவன் கொத்தனாரு. அந்த நாட்டுல 2013-ல வந்த அறிவியல் தர வரையறையிலயும் இதுக்கு எடம் இருக்காம். சூடு போறதைக் குறைக்கவோ கூட்டவோ ஒரு சாமானைப் பிள்ளை தானே யோசிச்சு, தானே செஞ்சு, தானே சோதிச்சுப் பாக்கணுமாம்.

நல்ல பாடம்தான் வே. நான் நக்கல் பண்ணல. ஆனா நம்மூருக்கு எதுக்கு பென்குயின்? நம்ம பிள்ளைக அதைப் படத்துல பாத்ததோட சரி. ஒரு அயிலை மீனைக் குடும். பென்குயின் உருகுனா பிள்ளை 'ஐயோ பாவம்'னுட்டுப் போயிரும். அயிலை கெட்டா ராத்திரி குழம்பு இல்ல. எது மனசுல ஒட்டும்னு நீரே சொல்லும்.

ஒம்ம எட்டாம் வகுப்புப் பய ஒருத்தன், அதான் அந்த மொட்டை, கொஞ்ச நாளைக்கு முந்தி இங்கன டீ வாங்க வந்தான். 'ஏலே, சூடு எப்பிடிலே ஒரு எடத்துல இருந்து இன்னோரு எடத்துக்குப் போகும்'னு கேட்டேன். கண்ணை மூடுனான். வெப்பக் கடத்தல், வெப்பச் சலனம், வெப்பக் கதிர்வீச்சுன்னு மூச்சு விடாம மந்திரம் ஓதுற மாதிரி ஓதிட்டுக் கண்ணைத் தொறந்தான். 'சரி, டம்ளரோட வயித்தைப் பிடிக்காம விளிம்பைப் பிடிச்சிருக்கியே, ஏன்'னேன். 'கீழ சுடும் தாத்தா'ன்னான். 'அது நீ சொன்ன மூணுல எது'ன்னேன். என்னை ஒரு மாதிரியாப் பாத்தான். 'அது பாடத்துல இல்ல தாத்தா, அது டீ'ங்கான்.

ஒம்மளைக் குத்தம் சொல்லல. நீரு படிச்சுக் குடுத்தீரு, அவனும் படிச்சுட்டான். பேரு மூணும் அவன் கையில இருக்கு, சூடு மட்டும் டீக்கடையில கெடக்கு.

இன்னொண்ணு. ஒரே ரூமுல இருக்க இரும்பையும் மரத்தையும் தொட்டா இரும்புதான் குளுரும், அது நம்ம கைச்சூட்டை வெரசா இழுத்துட்டுப் போயிரும்னு பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுத்திருக்கீரு. சரியான பேச்சு. ரெண்டுலயும் தெர்மாமீட்டரை வச்சா ஒரே அளவுதான் காட்டும், கைதான் ஏமாறுது. ஆனா மாப்ளே, அந்தப் பாடத்தை மொதல்ல எழுதுனவன் குளுருற ஊருக்காரனாத்தான் இருக்கணும். நம்ம தோலோட சூடு 33 டிகிரி வாக்குல நிக்கும். சித்திரை மாசம் மத்தியானம் ஒம்ம வகுப்புக்குள்ள என்ன சூடு? 37, 38 இருக்குமா? அப்பப் போயி இரும்பு நாக்காலியைத் தொடச் சொல்லும். குளுராது, சுடும். அதே காரணம்தான், இரும்பு வெரசாக் கடத்துது. ஆனா இப்பம் சூடு நாக்காலியில இருந்து கைக்கு வருது. தையில ஒருக்கா, சித்திரையில ஒருக்கா இதைச் செஞ்சு காட்டும். புஸ்தகத்துல குளுரும்னு இருக்கே, இங்க சுடுதேன்னு எந்தப் பிள்ளை கேக்கோ, அதுக்கு மார்க்கு போடும். கேட்ட பிள்ளைக்குக் கடத்தல் வெளங்கியாச்சு. கேக்காம 'குளுரும்'னே எழுதுற பிள்ளைக்கு வாத்தியாரைத்தான் வெளங்கியிருக்கு.

ஒம்மகிட்ட கேக்காம ஒரு காரியம் செஞ்சுட்டேன், திட்டாதீரும். போன சனிக்கிழமை ஒம்ம வகுப்புப் பிள்ளைகளை நம்ம முத்தத்துக்குக் கூட்டியாந்து ஒத்திகை பாத்தாச்சு. பென்குயின் அச்சுக்கு எங்க போக? இருமல் மருந்து பாட்டில் மேல ஒரு மூடி இருக்கும்லா, அதுல 5 மில்லி, 10 மில்லின்னு கோடு போட்டிருக்கும். அதுல 10 மில்லி தண்ணி அளந்து ஊத்தி, பெட்டிக்கடை பிரிட்ஜுல உறைய வச்சோம். எல்லாருக்கும் ஒரே அளவு ஐஸ். ஒரே ஒரு கட்டியை ஒண்ணும் சுத்தாம வெறுந்தட்டுல வச்சோம். 'இது எதுக்கு தாத்தா வீணா'ன்னு ஒரு பய கேட்டான். 'வீடே இல்லாதவன் எம்புட்டு உருகுதான்னு தெரியாம, வீடு கட்டுனவன் எம்புட்டு மிச்சம் பிடிச்சான்னு எப்பிடிலே சொல்லுவ'ன்னேன். அந்த வெறுங்கட்டியை மறந்துறாதீரும். அது இல்லாத சோதனை வெறும் வேடிக்கை.

நேரம் முடிஞ்சதும் மிச்சம் இருந்த ஐஸை எடுத்து டம்ளர்ல போட்டு உருகவிட்டு, அந்தத் தண்ணியை அதே மருந்து மூடியில அளந்தோம். ஒரு மில்லி தண்ணின்னா ஒரு கிராம் ஐஸ். தராசு வேண்டாம், கரண்டு வேண்டாம், ஒம்ம பள்ளிக்கூடத்துப் பீரோச் சாவியைத் தேடவும் வேண்டாம்.

அந்த மொட்டை இருக்கானே, அவன் ஐஸை அலுமினியத் தாள்ல இறுக்கிச் சுத்திட்டான். 'பளபளன்னு இருக்கு தாத்தா, வெயிலைத் திருப்பி விட்டுரும்'னான். ஒரு குட்டி, அவ ஆச்சி போத்துற கம்பளியில ஒரு துண்டை வெட்டிக்கிட்டு வந்திருந்தா. மத்ததுக எல்லாம் சிரிச்சு உருண்டுட்டு. 'கம்பளி சூடு குடுக்கும்லா, ஐஸுக்குப் போயி கம்பளி போத்துதியே'ன்னு. அந்தக் குட்டிக்குக் கண்ணுல தண்ணி முட்டிக்கிட்டு நின்னுட்டு. நான் வாயைத் தொறக்கல. பதிலை ஐஸ் சொல்லட்டும்னு இருந்தேன்.

அளந்தப்ப மொட்டையோடதைவிட கம்பளிக்காரியோடது கூட மிச்சம் நின்னுது. ஒருத்தனும் சிரிக்கல. கம்பளி எங்க வே சூடு குடுக்கும்? அதுக்குள்ள என்ன அடுப்பா எரியுது? நூலுக்கு நடுவுல காத்தைப் பிடிச்சு வச்சிருக்கு, காத்து சூட்டை வெரசாக் கடத்தாது, அம்புட்டுத்தான். உள்ள ஆளு இருந்தா ஆளோட சூடு வெளிய போகாது. உள்ள ஐஸ் இருந்தா வெளிச்சூடு உள்ள வராது. கம்பளிக்கு உள்ள வெளியன்னு ஓரவஞ்சனை கெடையாது. நீரு கரும்பலகையில இதை எழுதியிருந்தா அந்தப் பிள்ளைக எழுதி எடுத்துட்டு அன்னைக்கே மறந்திருக்கும். சிரிச்சதுனால மறக்காது.

ஆனா மொட்டை சொன்னது முழுத்தப்பும் இல்ல. பளபளப்பான தாளு கதிரா வர்ற சூட்டைத் திருப்பத்தான் செய்யும். ஐஸோட ஒட்டிக்கிட்டுக் கெடந்தா சுத்தி நிக்க வெக்கைக் காத்தோட சூடு அது வழியா நேரா உள்ள போயிரும். உலோகம்லா. அலுமினியம் காத்தைப்போல ஆயிரக்கணக்கான மடங்கு கடத்தும். நான் அவன்கிட்ட ஒரே வார்த்தைதான் சொன்னேன்: 'தாளு நல்ல தாளுதாம்லே, இருக்க எடம் சரியில்ல.' மறுநா அவன் தெர்மாகோல் டப்பாவுக்குள்ள ஐஸை வச்சு, தாளை டப்பாவுக்கு வெளிய, ஒட்டாம கொஞ்சம் எடவெளி விட்டுச் சுத்திக்கிட்டு வந்து நிக்கான். நீரு பாடத்துல சொன்ன மூணும் அந்த ஒரு டப்பாவுல வந்துட்டு. தெர்மாகோல்ல நூத்துக்கு 98 பங்கு வெறும் காத்துதான், அதுவும் அசைய முடியாம அடைபட்ட காத்து. கடத்தலும் ரொம்பக் கொறவு, சலனமும் இல்ல. தாளு கதிரைப் பாத்துக்கிடும். எம்புட்டு அழகாச் செஞ்சிருக்கான் பாத்தீரா! ஒம்ம மார்க்குப் பட்டியல்ல அவனுக்கு மொத நாள் தாளுக்குத்தான் மார்க்கு இருக்கும், ரெண்டாம் நாள் டப்பாவுக்கு கட்டமே இருக்காது. அந்தக் கட்டத்தை மொதல்ல போடும்.

ஒத்திகை அன்னைக்கு ஜெயிச்சது யாருன்னு நீரு கேக்கவே இல்லியே. மீன் வண்டிக்காரர் மவ. ஒம்ம வகுப்புல கடைசி பெஞ்சு, வாயைத் தொறக்க மாட்டா. தெர்மாகோல் டப்பா, உள்ள சுத்தி உமி, நடுவுல ஐஸ். அது எல்லாரும் யோசிக்கக்கூடியதுதான். அவ ஐஸுக்கு அடியில ரெண்டு வெளக்குமாத்துக் குச்சியைக் குறுக்க வச்சுத் தூக்கி நிப்பாட்டி, டப்பா அடியில ஒரு ஓட்டையும் போட்டிருந்தா. 'ஓட்டை எதுக்கும்மா'ன்னு கேட்டேன். 'உருகுன தண்ணி தேங்குச்சுன்னா மிச்ச ஐஸைத் தின்னுரும்னு அப்பா சொல்லுவாவ'ன்னா.

தின்னுரும்! இதைவிட நல்லா எந்தப் புஸ்தகம் வே சொல்லும்? தண்ணி காத்தைப்போல 20 மடங்குக்கு மேல சூட்டைக் கடத்தும். உமி காய்ஞ்சிருக்க மட்டுந்தான் உமி. நனைஞ்சுட்டா அந்தக் காத்து இருந்த எடமெல்லாம் தண்ணி நிக்கும், சூடு நடந்து வர வரப்புப் போட்டுக் குடுத்த கணக்கு.

ஆனா அந்த ஓட்டையிலயும் ஒரு வில்லங்கம். அதுக்குப் பொறவு ஒரு நா பெரிய பெட்டி செஞ்சு, பெரிய கட்டியா வச்சோம். நான் சும்மா இருக்காம ஓட்டைக்கு அடியில ஒரு ஊதுபத்தியைக் கொளுத்திப் பிடிச்சேன். புகை மேல போகணும்லா? போகல. கீழ அமுந்துது. குளுந்த காத்து கனம். பெட்டிக்குள்ள இருக்க குளுந்த காத்து ஓட்டை வழியாக் கீழ ஒழுகுது, அந்த எடத்தை நெறப்ப மேல மூடி இடுக்கு வழியா வெக்கைக் காத்து உள்ள எறங்குது. ஒம்ம சலனம் வே அது! சுடுதண்ணிக்குள்ள சாயப்பொடி போட்டுக் காட்டுவீரே, அதேதான், தலைகீழா. பிள்ளைகளுக்குக் கண்ணெல்லாம் விரிஞ்சுட்டு. ஓட்டையை அடைச்சா தண்ணி தேங்குது, தொறந்தா குளிரு ஒழுகுது. என்ன செய்ய? இந்த 'என்ன செய்ய'வுக்குப் பேருதான் பொறியியல். மிச்சமெல்லாம் சார்ட்டு.

அந்த மீன் வண்டிக்காரர் மவதான் தோட்டத்துல சொட்டுநீருக்குப் போட்ட குழாயில ஒரு முழத்தை வெட்டிக்கிட்டு வந்து, ஓட்டையில சொருகி, வளைச்சுக் கட்டுனா. வளைவுல கொஞ்சம் தண்ணி நிக்கும். உருகுன தண்ணி வெளிய போகும், காத்து போகாது. ஒம்ம வீட்டுக் குளியலறைக் குழாயிலயும் அந்த வளைவு இருக்கு, நாத்தம் உள்ள வராம இருக்க. அது அவளுக்குத் தெரியாது. தெரியாமலே கண்டுபிடிச்சா.

இதெல்லாம் பிள்ளை வெளையாட்டுன்னு நெனைச்சிராதீரும் மாப்ளே. இதே உமிக்கணக்கை வச்சு ஒருத்தன் ராசா மாதிரி வாழ்ந்திருக்கான். ஃப்ரெடெரிக் டியூடர்னு பாஸ்டன்காரன். குளுருகாலத்துல அந்த ஊர்க் குளமெல்லாம் உறைஞ்சு கெடக்கும். அதை வெட்டிக் கப்பல்ல ஏத்தி வெக்கை நாட்டுல விக்கேன்னு கெளம்புனான். ஊரே சிரிச்சுது. 1806-ல மொத சரக்கைக் கரீபியன் பக்கம் மார்ட்டினிக் தீவுக்குக் கொண்டுபோனான். ஐஸ் போய்ச் சேந்துட்டு. ஆனா அங்க எறக்கி வைக்க வீடு இல்ல. உருகிட்டு, பெருத்த நட்டம். ஊரு ரெண்டாவது தடவையும் சிரிச்சுது.

அவன் என்ன செஞ்சான்? ஐஸைக் குத்தம் சொல்லல, வெயிலையும் குத்தம் சொல்லல. ஐஸுக்கு வீட்டை யோசிச்சான். ரெட்டைச் சுவரு, நடுவுல சூடு கடத்தாத சரக்கு, உருகுன தண்ணி போக வழி. அதையும் இதையும் போட்டுப் பாத்துட்டு மரத்தூளுக்கு வந்து சேந்தான். மரம் அறுக்குற பட்டறையில குப்பைன்னு கெடந்த சாமான். அப்பொறம் நாதானியேல் வைத்னு ஒரு ஆளு, 1825 வாக்குல, குதிரை இழுக்குற கலப்பை மாதிரி ஒரு கருவி செஞ்சு ஐஸைச் சதுரம் சதுரமா வெட்டிக் குடுத்தான். சதுரமா வெட்டுனதுல என்ன லாபம்? செங்கல் அடுக்குற மாதிரி இடுக்கில்லாம அடுக்கலாம். இடுக்கு இல்லன்னா காத்துப் படுற எடம் கொறவு.

இதை ஒம்ம கணக்கு வாத்தியாரையும் இழுத்துவிட்டுச் செய்யச் சொல்லும். 10 சென்டிமீட்டர் கனசதுர ஐஸுக்கு மேற்பரப்பு 600 சதுர சென்டிமீட்டர். அதையே ஒரு சென்டிமீட்டர் துண்டா ஒடைச்சா ஆயிரம் துண்டு, மேற்பரப்பு 6,000. ஐஸ் அதே ஐஸ், சூடு நொழையுற வாசல் மட்டும் பத்து மடங்கு. மீன்காரவுக எதுக்கு ஐஸைக் கட்டியாக் கொண்டுவந்து, மீனுக்குப் போடுற நேரத்துல ஒடைக்காவன்னு பிள்ளைகளையே கேளும். குளுர வைக்கணும்னா ஒடைக்கணும், காப்பாத்தணும்னா ஒடைக்கக் கூடாது.

1833-ல டஸ்கனின்னு ஒரு கப்பல் பாஸ்டன்ல இருந்து 180 டன் ஐஸோட கெளம்பி, பூமத்தியரேகையை ரெண்டு தடவை தாண்டி, நாலு மாசம் கழிச்சுக் கல்கத்தாவுக்கு வந்து சேந்துது. எம்புட்டு மிச்சம்னு நெனைக்கீரு? நூறு டன் வாக்குல. கரண்டு இல்ல, கம்ப்ரெசர் இல்ல. சுத்தி அடைச்ச சரக்கு மட்டுந்தான். மெட்ராஸுக்கும் வந்துது. இறக்கி வைக்க 1842-ல கடற்கரையில ஒரு வட்டமான கட்டடம் கட்டுனாவ. ஐஸ் ஹவுஸ்னு பேரு. எந்திரத்துலயே ஐஸ் செய்யத் தொடங்குனதும் அந்த வியாபாரம் படுத்துட்டு. 1897-ல விவேகானந்தர் மேல்நாட்டுப் பயணம் முடிச்சுத் திரும்பி வந்தப்ப அங்கதான் தங்குனாரு. இப்ப அது விவேகானந்தர் இல்லம். மெரினாவுக்குச் சுற்றுலா போனா பிள்ளைகளை அங்க எறக்கி, 'இது சாமி இருந்த வீடு மட்டும் இல்ல, ஐஸ் இருந்த வீடு'ன்னு சொல்லும். நீருதான் பட்டாணிச் சுண்டல் வாங்கிக் குடுத்துட்டுப் பஸ்ஸுல ஏத்திருவீரே.

எதுக்கு இம்புட்டு ஐஸ் பொழைச்சுதுன்னா, அதுல ஐஸுக்கும் ஒரு பங்கு இருக்கு. ஒரு கிராம் ஐஸை உருக்கணும்னா 334 ஜூல் சூடு வேணும். அதே சூட்டை அந்த ஒரு கிராம் தண்ணிக்குக் குடுத்தா பூஜ்யத்துல இருந்து கிட்டத்தட்ட 80 டிகிரிக்கு ஏறிரும். உருகுறப்ப தெர்மாமீட்டர் அசையாது, சூடு மட்டும் உள்ள போய்க்கிட்டே இருக்கும். ஒம்ம புஸ்தகத்துல உள்ளுறை வெப்பம்னு கெடக்கு. பிள்ளைக அதை ரெண்டு மார்க்குக் கேள்வியாத்தான் பாத்திருக்கும்.

அதுக்கும் பெரிய மொதலாளி ஒருத்தன் நம்ம அடுக்களையிலயே ஒக்காந்திருக்கான். மண்பானை. ஒரு கிராம் தண்ணி ஆவியாப் போனா, ஏழு கிராம் ஐஸை உருக்குற சூட்டைக் கையோட எடுத்துட்டுப் போயிரும். ஒத்திகையில ஒரு பய தெர்மாகோல் டப்பா மேல ஈரச்சாக்கைப் போட்டுக் காத்தோட்டமா வச்சான். நல்லா வேலை செஞ்சுது, ஆடிக்காத்துலா. இன்னொருத்தன் அதைப் பாத்து ஈரத்துணியை நேரா ஐஸ் மேலயே சுத்துனான், சீக்கிரம் போயிட்டு. வெளிய போட்டா காவக்காரன், உள்ள போட்டா களவாணி. ஒரு சாமானுக்கு நல்லது கெட்டதுன்னு தனியா கெடையாது, எங்க வைக்கோம்ங்கதுதான்னு ரெண்டு பயலும் சேந்து எனக்கே வெளக்கம் சொன்னானுவ.

காப்பாத்துறதை மட்டுமே சொல்லிக்கிட்டு இருக்காதீரும். சூட்டை வெரட்டுறதும் கலைதான். டீக்கடை மாஸ்டரு ஒரு முழ ஒசரத்துல இருந்து டீயை ஆத்துதாரே, அது சினிமா ஸ்டண்டா? டீயை மெல்லிசா நீட்டி, காத்துல காட்டி, ஆவியா விட்டு, அரை நிமிஷத்துல குடிக்கிற பதத்துக்குக் கொண்டாந்துருதாரு. டவரா எதுக்கு அகலமா இருக்கு? டம்ளருக்கு எதுக்கு விளிம்பு வெளிய மடிஞ்சிருக்கு? எவனோ ஒருத்தன் கையைச் சுட்டுக்கிட்டுத்தான் அதைக் கண்டுபிடிச்சிருக்கணும். அவன் பேரு எந்தப் புஸ்தகத்துலயும் இல்ல. பிளாஸ்க்கு கண்டுபிடிச்ச ஜேம்ஸ் டீவார் பேரு இருக்கு, 1892. அந்த மனுசன் உரிமைப் பதிவு செய்யாம விட்டு, வேற ஆளுக தெர்மாஸ்னு பேரு போட்டுச் சம்பாதிச்சது தனிக்கதை, அது இன்னொரு நாளைக்கு.

இனி ஒம்ம பள்ளிக்கூடத்து அறிவியல் கண்காட்சிக்கு வாரேன். எடுத்தோம்னா தெர்மாகோல் வீடு, கலர் பேப்பர், நடுவுல மினுக்கு பல்பு. கடையிலயே செஞ்சு விக்கான், அப்பன்மார் வாங்கிக் குடுக்கானுவ, ஒம்ம அதிகாரி வந்து கை குலுக்கிட்டு போட்டோ எடுத்துக்கிட்டுப் போறாரு. அந்தப் பிள்ளைகிட்ட 'இதுல எது சரிப்பட்டு வரல'ன்னு ஒரு கேள்வி கேட்டா முழிக்கும். கடையில வாங்குனதுல எது சரிப்படாம போகும்? சுவத்துல ஒரு வட்டம் ஒட்டி வச்சிருக்கீரு, கேள், யோசி, திட்டமிடு, செய், சோதி, திருத்துன்னு அம்புக்குறி போட்டு. நல்ல வட்டம். பிள்ளைக அதை ஸ்கேல் வச்சு நோட்டுல அழகா வரைஞ்சிருக்கு. யாரும் அதுக்குள்ள ஒருக்காகூடச் சுத்தல.

நான் சொல்லுறதைக் கேளும். ஒரு பிள்ளைக்குச் சாமானுக்கு முப்பது ரூவாய்க்கு மேல கெடையாதுன்னு கட்டு. டப்பா ஒரு சாண் ஒசரத்தைத் தாண்டக் கூடாதுன்னு இன்னொரு கட்டு. கட்டு இல்லன்னா எல்லாப் பயலும் வைக்கப்போரைக் கொண்டாந்து இறக்கிருவான். ஒரு தடவைக்கு ஒண்ணே ஒண்ணை மட்டும் மாத்தச் சொல்லும். உமியையும் மாத்தி மூடியையும் மாத்திட்டு, நல்லா வந்துட்டுன்னு குதிச்சா எதுனால வந்துதுன்னு அவனுக்கும் தெரியாது, ஒமக்கும் தெரியாது. தோத்த டப்பாவைத் தூக்கி எறிய விடாதீரும். அதை நடு மேசையில வைக்கச் சொல்லும். ஜெயிச்ச டப்பாவைப் பத்தி யாரும் ரெண்டு வார்த்தைக்கு மேல பேச மாட்டாவ. தோத்த டப்பாவுக்கு மொத்த வகுப்பும் வைத்தியம் சொல்லும்.

ஐஸு முடிஞ்சா அடுத்தாப்புல என்னன்னு கேப்பீரு. தலைக்கு மேல பாரும். ஒம்ம வகுப்புக்கு மேல மொட்டை மாடி, எட்டு மணி நேரம் வெயிலைக் குடிக்குது. மத்தியானத்துக்கு மேல அது சூட்டைக் கீழ கக்குது. ஒம்ம பிள்ளைக பின்வரிசையில தூங்குதுன்னு அடிக்கீரே, அது தூக்கம் இல்ல வே, வேக்காடு. வெறும் காங்கிரீட்டுக் கூரையும் பென்குயின் வீடுதான். பென்குயின்தான் வேற.

கீத்து வேயலாம்னு ஒரு பய சொன்னான். குளுச்சிக்கு அதுக்கு மேல ஒண்ணு கெடையாது. நான் அவனை ஒக்கார வச்சு, 2004-ல கும்பகோணத்துல பள்ளிக்கூடக் கீத்துக் கூரையில தீப்பிடிச்சு 94 பிள்ளைக போனதைச் சொன்னேன். அந்தப் பிள்ளைக்குப் பேச்சு வரல. சூடு ஒரு கணக்கு, அதைச் சுத்தி நிக்கிறது பல கணக்கு. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லாம வெறும் கடத்துதிறன் அட்டவணையை மட்டும் குடுத்தா நாளைக்கு எஞ்சினியராகி அப்பிடியே கட்டிருவான்.

அதனால கீத்து வேண்டாம், வெள்ளையடிக்கச் சொல்லும். சுண்ணாம்புல கொஞ்சம் பசையைக் கலந்து மாடியில ரெண்டு கோட்டு. வெயில்ல பெரும்பங்கைத் திருப்பி விட்டுரும். ஒரு ரூமுக்கு மேல மட்டும் பூசி, ஒரே மாதிரி இருக்க இன்னொரு ரூமைப் பூசாம விடணும். ரெண்டுலயும் ஒரே ஒசரத்துல ஒரு தெர்மாமீட்டர், மணிக்கொருக்கா பிள்ளைக எழுதட்டும். அந்த வெறுங்கட்டி ஐஸ் ஞாவம் இருக்குல்லா?

எந்த ரூமைப் பூசாம விடன்னு கேக்கீரா? தலைமையாசிரியர் ரூமை விட்டுரும். ஒரு வாரத்துல அவரே கையில பிரஷ்ஷோட மாடி ஏறி வருவாரு. அப்ப இந்த யோசனை யாரு குடுத்ததுன்னு கேட்டா, அமெரிக்காக்காரன் பாடம்னு சொல்லும். எம்பேரை மட்டும் இழுக்காதீரும், அவரு எனக்கு ரெண்டாயிரம் ரூவா தரவேண்டியது பாக்கி இருக்கு.